சொல்வளமும் கற்பனையும்: நம் பள்ளி மரபுகள்

பெங்களூரில் அல்சூரை ஒட்டிய ஜோகுபாளையத்தில் வளரும் ஒரு தமிழ்ப் பிள்ளை ஒரே நாளில் நான்கு மொழிகளைக் காதில் வாங்குகிறது. வீட்டில் தமிழ், கடையிலும் பஸ்ஸிலும் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம், பக்கத்து வீட்டில் உருதோ தெலுங்கோ. 1809இல் ஆங்கிலேயர் பெங்களூரில் கண்டோன்மென்ட் அமைத்தபோது படையோடும் படையை நம்பிய தொழில்களோடும் வந்த தமிழ்க் குடும்பங்களால் அல்சூர்ச் சுற்றுவட்டாரம் தமிழ் பேசும் பகுதியாயிற்று. 1950இல் தோன்றிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் அல்சூர் ஏரியை ஒட்டித்தான் இருக்கிறது. 2009 ஆகஸ்டு 9ஆம் நாள் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையும் அந்த ஏரிப் பக்கம்தான். இத்தனைக்கும் நடுவில் வளரும் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேச வருகிறது, படிக்க வருவதில்லை. படிக்க வருபவர்களுக்கும் பாடத்தில் வந்த புதுச்சொல் பரீட்சைத் தாளோடு போய்விடுகிறது.

சொல்லைப் பிள்ளையிடம் எப்படிச் சேர்ப்பது, சேர்ந்த சொல்லால் பிள்ளை புதிதாக ஒன்றைச் செய்ய வைப்பது எப்படி என்ற கேள்விக்குத் தமிழ்க் கல்வி மரபு பல விடைகளைத் தந்திருக்கிறது. அவற்றை வரிசையாகப் பார்க்கும்போது, எந்த மரபையும் உரசிப் பார்க்க நன்னூல் ஓர் உரைகல்லைத் தருகிறது.

கோலாரைத் தம் பழைய தலைநகராகப் போற்றிய கங்க மரபில் வந்த சீயகங்கன் கேட்டுக்கொள்ள, 13ஆம் நூற்றாண்டளவில் பவணந்தி முனிவர் இயற்றிய நூல் அது. பெங்களூர்க்காரர்களுக்குக் கோலார் பக்கத்து ஊர். இந்த உறவை நாம் இன்னும் கொஞ்சம் உரிமையோடு பேசலாம். நன்னூலின் பாயிரம் கல்வியை நான்கு பங்காகப் பிரிக்கிறது. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது கால் பங்கு. உடன் படிப்பவர்களோடு பழகிப் பேசுவதில் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, கற்றதைத் தானே பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வருகிறது. இன்றைய மொழி வகுப்புகளில் பெரும்பாலானவை அந்த முதல் காலிலேயே நின்றுவிட்டன என்பது என் கருத்து.

திண்ணைப் பள்ளிகளை இந்த உரைகல்லில் வைத்துப் பார்ப்போம். அங்கே சொல்வளத்துக்கு நிகண்டு. திவாகரம், பிங்கலம் ஆகியவற்றுக்குப் பின் 16ஆம் நூற்றாண்டில் மண்டல புருடர் செய்த சூடாமணி நிகண்டு பள்ளிகளில் வேரூன்றியது. விருத்தப் பாவில் அமைந்ததால் வாயில் எளிதாக நின்றது. தேவர், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று உலகத்தைப் பன்னிரண்டு தொகுதிகளாக அது அடுக்குகிறது. பதினொன்றாம் தொகுதி ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைச் சொல்வது. பிள்ளைகளுக்குப் பெரிதும் மனனம் செய்விக்கப்பட்டது அதுதான். எதுகை முறையில் சொற்கள் அடுக்கப்பட்டிருந்ததால் ஒரு சொல்லை நினைத்தால் அடுத்த சொல் தானே நாக்கில் வரும்.

பொருள் தெரியாமல் மனப்பாடம் செய்த காலம் என்று அதை ஒதுக்குவது சுலபம். அடியும் அதட்டலும் இருந்தன என்பது உண்மை. அதை யாரும் மீட்க வேண்டியதில்லை. ஆனால் உ.வே. சாமிநாதையர் தம் ‘என் சரித்திர’த்தில் பதிந்து வைத்திருக்கும் ஒரு வழக்கத்தைப் பாருங்கள். மாலையில் பள்ளி விடும்போது உபாத்தியாயர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூ, ஒரு பறவை, ஓர் ஊர் என்று பெயர்களைச் சொல்லி அனுப்புவார். மறுநாள் காலை அதை மறவாமல் வந்து சொல்ல வேண்டும். ஓர் இரவு முழுக்க அந்தச் சொல் பிள்ளைக்கு மட்டும் சொந்தம். செலவில்லாத, புத்தகம் வேண்டாத பாடம் இது. எந்த வகுப்பிலும் நாளையே தொடங்கலாம்.

நிகண்டு மரபின் அடுத்த படி செய்யுள் இயற்றுவது. திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) புராணங்களை வாயால் சொல்லச் சொல்ல மாணவர்கள் ஏட்டில் எழுதினார்கள். 1871இல் மாயூரத்தில் அவரிடம் சேர்ந்த சாமிநாதையர், ஒரு செய்யுள் உருவாவதை அதன் பக்கத்திலிருந்தே பார்த்துக் கற்றவர். ஈற்றடியைக் கொடுத்து மேலே பாடச் சொல்வதும், கேட்ட பொருளில் உடனே வெண்பாச் சொல்லச் சொல்வதும் அக்காலப் பழக்கம். 1880இல் கும்பகோணம் கல்லூரியின் தமிழாசிரியர் பணிக்குப் போனபோது சாமிநாதையரும் அந்த இடத்திலேயே ஒரு செய்யுள் செய்து காட்ட நேர்ந்தது. மனனம் செய்த சொல்லெல்லாம் இப்படிப் பயன்படுத்தத்தான் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நாம் செய்யுள் இயற்றுவதை விட்டோம்; மனனத்தை மட்டும் வைத்துக்கொண்டோம். கற்பனைக்கு இருந்த இடம் அங்கேதான் பறிபோயிற்று.

யாழ்ப்பாணத்தில் வேறொரு பள்ளி பிறந்தது. 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலர், படிப்படியாக ஏறும் பாலபாடங்களை உரைநடையில் எழுதினார். செய்யுளை நம்பியிருந்த பிள்ளைக்குத் தெளிவான வாக்கியம் கிடைத்தது. சொல்லை வாக்கியத்தில் வைத்துக் கற்பிக்கும் இன்றைய முறைக்கு அவர் கடன் கொடுத்தவர்.

இருபதாம் நூற்றாண்டில் மரபு பல கிளைகளாகப் பிரிந்தது. இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே பிள்ளைகளுக்குப் பாடல் எழுதிய அழ. வள்ளியப்பாவின் வழி, ஓசையால் சொல் சேர்ப்பது. தேவநேயப் பாவாணரின் வழி வேர்ச்சொல். ஒரு வேரைப் பிடித்தால் அதிலிருந்து கிளைத்த சொற்குடும்பம் முழுவதும் கைக்கு வரும். அவருடைய முடிவுகள் அனைத்தையும் இன்றைய மொழியியலார் ஏற்பதில்லை என்றாலும், ஒரு சொல்லுக்கு உறவுகள் உண்டு என்று பிள்ளைக்குக் காட்டுவதற்கு அந்த வழி மிக நல்லது. கி. ராஜநாராயணன் 1982இல் வட்டார வழக்குச் சொல்லகராதியைக் கொண்டுவந்து, கரிசல் காட்டுச் சம்சாரியின் பேச்சும் அகராதியில் ஏறத் தக்கது என்று காட்டினார். தொண்ணூறுகளின் அறிவொளி இயக்கம் முதியோருக்கு எழுத்தறிவித்தபோது அ, ஆ என்று தொடங்காமல் ‘பட்டா’, ‘படி’ என்று மக்களின் வாழ்வோடு ஒட்டிய சொற்களிலிருந்து தொடங்கியது.

ஏறக்குறைய இதே எண்ணம் நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன சில்வியா ஆஷ்டன்-வார்னருக்கும் தோன்றியிருக்கிறது. 1963இல் வந்த ‘டீச்சர்’ என்ற நூலில் அவர் அதை விவரிக்கிறார். ‘உனக்கு இன்று என்ன சொல் வேண்டும்?’ என்று பிள்ளையைக் கேட்பார். பிள்ளை சொன்னதை அட்டையில் எழுதிக் கொடுப்பார். மறுநாள் அதைப் பிள்ளையால் படிக்க முடியாவிட்டால் அந்த அட்டையை விலக்கிவிடுவார். அது பிள்ளையின் மனத்தைத் தொட்ட சொல் இல்லை என்று பொருள். திண்ணை வாத்தியார் சொல்லைத் தாம் கொடுத்து இரவு கழித்துக் கேட்டார். இவர் சொல்லைப் பிள்ளையிடமிருந்தே வாங்கி இரவு கழித்துக் கேட்டார். இரண்டையும் ஒரே வகுப்பில் மாற்றி மாற்றிச் செய்தால் என்ன?

இத்தாலியரான ஜான்னி ரோதாரி 1973இல் வெளியிட்ட ‘கற்பனையின் இலக்கணம்’ நம் இலக்கண வகுப்புக்கு மிகவும் பொருந்தும். உறவில்லாத இரண்டு சொற்களை எடுத்து, இடையில் உறவுச் சொற்களை மாற்றி மாற்றிப் போடுவது அவர் காட்டும் வழிகளுள் ஒன்று. நாய், அலமாரி என்பது அவர் தந்த எடுத்துக்காட்டு. தமிழில் இந்த வேலைக்கு வேற்றுமை உருபுகள் தயாராக நிற்கின்றன. நாயின் அலமாரி, நாய்க்கு ஓர் அலமாரி, அலமாரியில் நாய், அலமாரியைத் தூக்கிய நாய், அலமாரியால் தப்பித்த நாய். ஒவ்வோர் உருபுக்கும் ஒரு கதை பிறக்கிறது. வேற்றுமையை அட்டவணையாக எழுதிப் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்லும் வகுப்பில், பத்து நிமிடம் இதற்கு ஒதுக்கினால் பிள்ளைகள் நான்காம் வேற்றுமையை ஒருபோதும் மறக்க மாட்டார்கள்.

இனி ஜோகுபாளையத்துக்கு வருவோம். தெரியாத சொல்லைத் தெரிந்த சொல்லோடு சேர்த்து விளக்க வேண்டும் என்பது தொல்காப்பிய உரியியலின் வழி. நம் பிள்ளைக்குத் தெரிந்தது எது? தெருவில் கேட்கும் கன்னடம். அதைத் தமிழ் வகுப்பின் வாசலில் விட்டுவிட்டு வா என்கிறோம். பால் ஹாலு, பல் ஹல்லு, பூ ஹூவு, புலி ஹுலி, பத்து ஹத்து என்று பிள்ளையே இணைகளைத் திரட்டட்டும். பழங்கன்னடத்தில் இருந்த பகரம் பின்னாளில் ஹகரமாக மாறியது என்பதைப் பட்டியல் நீளும்போது பிள்ளை தானே கண்டுபிடிக்கும். நம் வட்டாரப் பெயரே இந்தப் பாடத்தில் வருகிறது: அல்சூரின் கன்னடப் பெயரான ஹலசூர் என்பதிலுள்ள ஹலசு பலாதான். பிறகு யாராவது ஒரு பிள்ளை, ‘புஸ்தக’ ஏன் ஹுஸ்தக ஆகவில்லை என்று கேட்கும். கேட்கவில்லையென்றால் ஆசிரியர் கேட்கலாம். வடமொழியிலிருந்து வந்த சொற்கள் பெரும்பாலும் பகரத்தை விடவில்லை என்பது அதன் விடை. இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்ற பழம்பாகுபாடு அந்த நிமிடத்தில் உயிர் பெறுகிறது. சென்னைப் பிள்ளைக்கு இந்த வசதி கிடையாது. கன்னடம் கலந்த தமிழ் என்று நம் பிள்ளைகளைக் குறை சொல்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தரம் எது என்ற கேள்விக்கும் இங்கிருந்தே விடை சொல்லலாம். எத்தனை சொல்லுக்குப் பொருள் எழுதத் தெரியும் என்பதை நான் அளவாகக் கொள்ள மாட்டேன். கற்ற சொல்லை, யாரும் கேட்காமல், தான் எழுதிய வாக்கியத்தில் பிள்ளை வைத்திருக்கிறதா என்று பார்ப்பேன். கட்டுரைப் பயிற்சியில் முப்பது பிள்ளைகளும் உரைநூலிலிருந்து எடுத்த ஒரே முன்னுரையை எழுதியிருந்தால், பிழையே இல்லாவிட்டாலும் அந்த வகுப்பு தேறவில்லை. ஒற்று விட்டுப்போனாலும் ஒரு பிள்ளை அல்சூர்ப் பூப்பல்லக்கைத் தன் கண்ணால் பார்த்து எழுதியிருந்தால் அதற்கே முதல் பாராட்டு. ஒற்றைப் பிறகு திருத்தலாம். ஒரு வகுப்பில் ஆசிரியர் எவ்வளவு நேரம் பேசினார், பிள்ளைகள் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்பதும் அளவு. நன்னூல் கணக்கில் முக்கால் பங்கு நேரம் பிள்ளைகளுடையது.

மரபுக் கிளைகளுள் எது சிறந்தது என்று கேட்டால், தனியாக எதுவும் இல்லை என்றே சொல்வேன். நிகண்டு நினைவைத் தந்தது, வள்ளியப்பா ஓசையைத் தந்தார், அறிவொளி வாழ்க்கையைத் தந்தது. ஆனால் பயன்படுத்தும் வாய்ப்பு இல்லாத இடத்தில் மூன்றும் வீண்.

இந்த மலரைப் படிக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வார இறுதித் தமிழ் வகுப்பிலிருந்து பிள்ளை திரும்பும்போது மதிப்பெண் கேட்காதீர்கள். இன்று கேட்ட புதுச்சொல் என்ன, அதை வைத்து நீ என்ன சொல்வாய் என்று கேளுங்கள். பிள்ளை சொல்லி முடிக்கும் வரை இடையில் திருத்தாமல் கேளுங்கள்.