மாலினோவ்ஸ்கியின் வகுப்பறை

லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் 1920, 30களில் மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கி நடத்திய கருத்தரங்கை நினைத்தால் எனக்குப் பொறாமைதான். ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் கூடாரமடித்து, அங்குள்ள மக்களின் மொழியைக் கற்று வாழ்ந்தவர். அவர்களின் கூலா என்ற பரிமாற்றத்தில் சங்கு மாலை ஒரு திசையிலும் கைவளை எதிர்த்திசையிலும் தீவு தீவாகச் சுற்றுவதை நுணுக்கமாக எழுதிவைத்தார். ஊர் வரைபடம், வம்சாவளி, தோட்டக் கணக்கு எல்லாம் சேர்ந்தால்தான் அவருக்கு ஆய்வு. 1967இல் அச்சான நாட்குறிப்பில் அதே மக்கள்மீது அவர் கொட்டிய எரிச்சல் தனிக்கதை.

அவருடைய மாணவர்களில், பொருளாதாரம் படிக்க வந்த ரேமண்ட் ஃபர்த் மானுடவியலுக்கு மாறி, 1928இல் டிகோப்பியா தீவுக்குப் போனார். எனக்குப் பிடித்த மாணவர் கென்யாவிலிருந்து வந்த ஜோமோ கென்யாட்டா. தன் கிக்குயு மக்களைப் பற்றித் தானே எழுதினார். 1938இல் வந்த அந்தப் புத்தகத்துக்கு மாலினோவ்ஸ்கியே முன்னுரை தந்தார்.