தாஜ்மஹாலும் நாகூர் மனாராவும்: பிளாஸ்டிக் செங்கற்கள் குறித்து ஒரு மதிப்பீடு

தஞ்சை வட்டாரத்து நண்பர் ஒருவரின் வரவேற்பறை அலமாரியில் இரண்டு தாஜ்மஹால்கள் அருகருகே நிற்கின்றன. ஒன்று நெட்டியில் செதுக்கியது. அவருடைய தந்தையார் வாங்கி வைத்தது; கண்ணாடிப் பேழைக்குள் இருந்தும் அதன் வெண்மை மெல்லப் பழுப்பேறியிருக்கிறது. மற்றொன்று லெகோ எனப்படும் பிளாஸ்டிக் செங்கற்களால் ஆனது. ஐம்பதைக் கடந்த நண்பர், சிங்கப்பூரில் பணியாற்றிய காலத்தில் வாங்கிவந்து, ஊர் திரும்பியபின் இஷாவுக்குப் பிந்திய இரவுகளில் உட்கார்ந்து தம் கையாலேயே கட்டி முடித்தது. அதற்கும் இப்போது ஒரு கண்ணாடிப் பேழை செய்தாகிவிட்டது. பேத்தி தொடக்கூடாது என்பது வீட்டில் சட்டம். குழந்தைகளுக்காகப் பிறந்த ஒரு பொருள், குழந்தையின் கைபடாதவாறு காக்கப்படும் நிலைக்கு எவ்வாறு வந்தது என்ற வியப்பே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

இத்தகைய செய்தியைக் கேட்டவுடன் நம்மவரிடையே முதலில் எழும் வினா, இது கூடுமா கூடாதா என்பது. அன்னை ஆயிஷா (ரலி) சிறுமியாக இருந்தபோது பொம்மைகள் வைத்து விளையாடியதையும், நபிகள் நாயகம் (ஸல்) அதைத் தடுக்கவில்லை என்பதையும் ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. பெரியவர் விளையாட்டுக்கும் வீண் விரயத்துக்கும் இடையிலுள்ள எல்லையை வரையறுப்பது அறிஞர்களின் பணி. நாம் அதில் இறங்கப் போவதில்லை. விலை மட்டும் ஒரு சொல். இறக்குமதிப் பொம்மைகள் மீதான சுங்க வரி 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 விழுக்காடாகவும், 2023இல் 70 விழுக்காடாகவும் உயர்த்தப்பட்டது. எனவே இப்பெட்டிகள் பெரும்பாலும் வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பயணப் பையில் வருபவை. டெல்டாவின் முஸ்லிம் ஊர்கள் பலவற்றில் அப்பயணம் அன்றாடச் செய்தி.

பெரியவர்கள் உருவங்களைச் சேர்த்து வைப்பதை அந்நியப் பழக்கம் என்று எள்ளுவோருக்கும் நம் மண்ணே விடை சொல்லும். தஞ்சை இல்லங்களில் ஆண்டுதோறும் ஒரு புதிய பொம்மை சேர்த்துக் கொலு வைப்பவர்கள் பெரியவர்களே. தலையாட்டிப் பொம்மையை வாங்கிச் செல்லும் பயணிகளும் பெரியவர்களே. நாகூர்க் கந்தூரியின் கொடி ஊர்வலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து அசைந்து வரும் கப்பல் வடிவ ரதங்களை ஆண்டு தவறாமல் சோடித்து நிறுத்துவோர் யார்? கடலோடிய ஒரு சமூகம் தன் மரக்கலத்தைச் சிறிதாக்கித் தெருவில் இழுத்துப் பார்க்கிறது. பெரியதைச் சிறியதாக்கிக் கைக்குள் கொண்டுவரும் ஆசை மனித இயல்பு. எதைச் சிறியதாக்குகிறோம், எவர் சொற்படி ஆக்குகிறோம் என்பதில்தான் திறனாய்வுக்கு வேலை இருக்கிறது.

லெகோவின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். டென்மார்க்கின் பில்லுண்ட் என்னும் சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் 1932இல் மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். நன்றாக விளையாடு என்று பொருள்படும் இரு டேனிஷ் சொற்களின் சுருக்கமே லெகோ. 1949இல் அந்நிறுவனம் வெளியிட்ட பிளாஸ்டிக் கற்கள், ஆங்கிலேயரான ஹிலாரி ஃபிஷர் பேஜ் தமது கிடிகிராஃப்ட் நிறுவனத்தின் வழியே முன்பே செய்திருந்த கற்களைத் தழுவியவை. இன்று நாம் காணும் வடிவத்துக்கு 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமை கோரப்பட்டது. மேலே குமிழ்கள், உள்ளே குழாய்கள்; ஒன்றை மற்றொன்று கவ்விக்கொள்ளும். அன்று வார்த்த கல்லும் இன்று வார்த்த கல்லும் பொருந்தும் என்பதே இதன் தனிச்சிறப்பு. எட்டுக் குமிழ்கள் கொண்ட ஒரே நிறக் கற்கள் ஆறு இருந்தால் அவற்றை 91,51,03,765 வகைகளில் இணைக்கலாம் என டேனிஷ் கணிதவியலார் சோரன் ஐலர்ஸ் கணினி கொண்டு கணக்கிட்டார். ஆறே ஆறு கற்கள்!

இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு பெரியவர்களின் பெட்டியைத் திறப்போம். கட்டடக்கலை வரிசை 2008இல் தொடங்கியது. 2020இலிருந்து பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோருக்கென்றே முத்திரையிட்ட பெட்டிகள் கறுப்பு அட்டையில் வருகின்றன. உள்ளே எண்ணிட்ட பைகள், தடித்த வழிகாட்டிப் புத்தகம். கோடிக்கணக்கான சாத்தியங்களுள் ஒன்றே ஒன்று அப்புத்தகத்தில் இருக்கிறது. கட்டுபவர் அதைப் பக்கம் பக்கமாகப் பின்பற்றுகிறார், கடைசிப் பக்கத்தில் நிறுத்துகிறார், பேழைக்குள் வைக்கிறார். கழற்றி மீண்டும் கட்டலாம் என்ற ஒன்றுதான் இக்கல்லின் ஆதி அறம். அதைத்தான் சேகரிப்பாளர் முதலில் துறக்கிறார்.

இன்னும் ஒருபடி மேலே சென்று, பெட்டியைத் திறக்காமலே வைப்போரும் உளர். உற்பத்தி நின்ற பெட்டிகளின் மறுவிற்பனை விலை 1987 முதல் 2015 வரை ஆண்டுக்குச் சராசரியாக 10 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்ததாக ரஷ்யப் பொருளியலாளர் இருவரின் ஆய்வு ஒன்று 2021இல் வெளிவந்தது. இதில் தாஜ்மஹால் பெட்டிக்கு ஒரு சுவையான கதை உண்டு. 2008இல் 5,922 உருப்படிகளுடன் வந்த அப்பெட்டி, உற்பத்தி நின்றபின் பன்மடங்கு விலைபோயிற்று. 2017இல் நிறுவனம் ஓர் உருப்படி மட்டும் கூட்டி, 5,923ஆக மறுபடியும் வெளியிட்டது. பழைய பெட்டிகளைப் பூட்டி வைத்திருந்தோரின் கனவு விலை சரிந்தது. இதற்காக நாம் கண்ணீர் சிந்தப் போவதில்லை. பிரிக்காத பெட்டி பொம்மையுமன்று, கட்டடமுமன்று.

கட்டிய தாஜ்மஹாலைப் பார்ப்போம். அதை ஒரு படைப்பாக மதிப்பிட வேண்டுமெனில், எதைத் தேர்ந்தது, எதை விட்டது என்று கேட்க வேண்டும். மேடை, மக்பரா, நான்கு மனாராக்கள்: இவ்வளவே தேர்ந்தது. மேற்கே நிற்கும் பள்ளிவாசல் இல்லை, அதற்கு இணையாகக் கிழக்கே நிற்கும் கட்டடம் இல்லை, தோட்டம் இல்லை, யமுனை இல்லை. வாயில் வளைவுகளில் அமானத் கான் ஷீராஸி எழுதிய குர்ஆன் வசனங்களுக்கு இந்த அளவில் இடமிருக்க வாய்ப்பில்லை. 2021இல் 2,022 உருப்படிகளுடன் வந்த சிறிய தொகுப்பு இவ்வகையில் மேலானது எனலாம். அதில் ஷாஜஹான், மும்தாஜ் இருவரின் அடக்கத் தலங்கள் உள்ளே வைக்கப்பட்டுள்ளன. அது ஒரு கல்லறை என்பதைக் கட்டுபவர் கையால் உணர்கிறார். ஆயினும் குப்பாவின் வளைவைப் பாருங்கள். நேர்கோணக் கற்கள் வளைவை வெறுப்பவை. வளைவுக்கென்று தனியே வார்த்த உருப்படிகளைக் கொண்டே அதை ஒப்பேற்ற வேண்டியிருக்கிறது. உண்மையான தாஜ்மஹாலும் உள்ளே செங்கல், மேலே சலவைக்கல் போர்வை. ஆனால் அச்செங்கல்லின் வேலையைப் பொம்மைச் செங்கல் நமக்குச் சொல்லித் தருவதில்லை.

நெட்டி தாஜ்மஹால் வேறு வகை. குளங்களிலும் சதுப்பிலும் வளரும் ஒரு செடியின் தண்டைக் காயவைத்துத் தோல் சீவி, சிறு கத்தியால் நறுக்கி ஒட்டுவது இக்கலை. தஞ்சை நெட்டி வேலைக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதில் வழிகாட்டிப் புத்தகம் இல்லை. ஒவ்வொரு வெட்டும் ஒரு முடிவு. தவறினால் மீட்க வழியில்லை. நண்பரின் தந்தையார் வைத்துச் சென்ற பேழையில் ஒரு மனாரா மற்றவற்றைவிடச் சற்றுத் தடித்திருக்கிறது. செய்தவரின் கை அங்கே ஒரு கணம் தயங்கியிருக்க வேண்டும். இக்கலையைப் போற்றும் வேகத்தில் ஓர் உண்மையை மறைக்கலாகாது. நெட்டிக் கலைஞரும் வாங்குவோர் கேட்பதையே செய்கிறார். பெரிய கோயில், அடுத்துத் தாஜ்மஹால். முஸ்லிம் வீட்டுக்கு எது பொருந்தும் என்று கடைக்காரர் கருதினாரோ அதையே பில்லுண்ட் நிறுவனமும் கருதியிருக்கிறது. இரு பேழைகளிலும் ஒரே கட்டடம் இருப்பது தற்செயல் அன்று.

இங்கே 2013ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு சர்ச்சையை நினைவுகூர்வது பொருத்தம். நட்சத்திரப் போர்கள் திரைப்பட வரிசையில் வரும் ஜப்பா என்ற கொடியவனின் அரண்மனையை லெகோ 2012இல் பெட்டியாக்கியது. குவிந்த கூரையும் ஒரு கோபுரமும் கொண்ட அது, இஸ்தான்பூலின் ஹாகியா சோஃபியாவையும் பெய்ரூத்தின் பள்ளிவாசல் ஒன்றையும் ஒத்திருக்கிறது என ஆஸ்திரியாவின் துருக்கியப் பண்பாட்டு அமைப்பு ஒன்று கண்டனம் தெரிவித்தது. படத்தில் உள்ளதையே செய்தோம் என்றது நிறுவனம். அவ்வாண்டின் இறுதியில் பெட்டியின் உற்பத்தி நின்றது. அது முன்பே திட்டமிட்டதென நிறுவனம் விளக்கியது. கொடியவனின் மாளிகைக்குக் கிழக்கத்திய வடிவம் தருவது மேற்கத்தியக் கற்பனையின் பழைய நோய் என்பதில் நமக்கும் ஐயமில்லை. எனினும் கண்டித்தோர் ஒன்றை எண்ணிப் பார்க்கவில்லை. ஒரு குப்பா, ஒரு கோபுரம் சேர்ந்தால் அது பள்ளிவாசல் என்று அவர்களும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். 537இல் தேவாலயமாக எழுந்த ஹாகியா சோஃபியாவைப் பள்ளிவாசலின் இலக்கணமாகக் காட்டியதிலேயே அந்த ஒப்புதல் ஒளிந்திருக்கிறது.

நம் தமிழகத்துப் பழம் பள்ளிவாசல்கள் இந்த இலக்கணத்துக்குள் அடங்குவன அல்ல. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் கல்தூண் மண்டபங்களும் தட்டைக் கூரைகளுமே தொன்மையின் அடையாளம். டெல்டா கல் இல்லாத நாடு. காவிரி கொணர்ந்த வண்டலை மிதித்து, அச்சில் அறுத்து, காளவாயில் சுட்ட செங்கல்லே இங்கே கட்டடத்தின் உயிர். அச்செங்கல்லின் உச்சமான சாதனைகளுள் ஒன்று நாகூரில் நிற்கிறது. தர்காவின் ஐந்து மனாராக்களுள் பெரியது 131 அடி உயரம். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் எழுப்பியது. அதன் வடிவைக் கூர்ந்து நோக்கியவர் எத்தனை பேர்? அது உருண்டை அன்று, சதுரம். அடுக்கடுக்காக ஏறி, ஏற ஏறக் குறுகி, ஒவ்வோர் அடுக்கிலும் சிறு சாளரங்களைத் திறந்து வைத்து நிற்கும் வெள்ளைக் கோபுரம் அது.

வளைவை வெறுக்கும் பிளாஸ்டிக் கல் விரும்புவது இத்தகைய வடிவத்தையே. ஒரு கல்லின் உயரம் 9.6 மில்லிமீட்டர். நூறில் ஒரு பங்காகச் சுருக்கினால் பெரிய மனாரா ஏறத்தாழ 40 சென்டிமீட்டர். 42 வரிசைக் கற்கள். தனி வார்ப்பு எதுவும் வேண்டாம். தாஜ்மஹால் பெட்டியிலுள்ள வெள்ளைக் கற்களில் ஒரு பகுதியே போதும். இதற்கு வழிகாட்டிப் புத்தகம் மட்டும் இல்லை. எந்த அடுக்கில் எவ்வளவு உள்வாங்குவது, சாளரத்தை எங்கே வைப்பது என்பதையெல்லாம் கட்டுபவரே போய்ப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

அவ்வாறு பார்த்து, மனத்தில் சுமந்து சென்று கட்டியவர்கள் நம் முன்னோருள் இருந்தார்கள். சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையே சூலியர் எழுப்பிய நாகூர் தர்கா, நாகூரை நினைவிலிருந்து சிறிதாக்கிய கட்டடம். நான்கு மூலைகளிலும் பதினான்கு அடுக்குச் சதுர மனாராக்கள். முகப்பின் மேற்பகுதியோ விரல் நுழையும் வாயில்களும் துளைச் சாளரங்களும் கொண்ட ஒரு பொம்மை அரண்மனை போலவே இருக்கும். கீழே ஐரோப்பியத் தூண்களையும் வளைவுகளையும் கூச்சமின்றிச் சேர்த்துக்கொண்டார்கள். மூலத்தோடு ஒப்பிட்டால் பிழைகள் நிறைய. அப்பிழைகளில்தான் கடல் கடந்தவரின் ஏக்கமும் துணிவும் இருக்கின்றன. பினாங்கிலும் அவ்வாறே ஒரு நாகூர் எழுந்தது. நண்பர் சிங்கப்பூரில் பணியாற்றிய ஆண்டுகளில் அத்தெருவைப் பலமுறை கடந்திருக்கிறார். வாங்கி வந்ததோ தாஜ்மஹால்.

இதை விளையாட்டுப் பேச்சாக ஒதுக்க நம்மால் இயலவில்லை. நாம் அறிந்த ஓர் ஊரில், வாய்க்கால் கரையோரம் இருந்த பழைய பள்ளிவாசலைச் சில ஆண்டுகளுக்கு முன் இடித்தார்கள். மெல்லிய செங்கல், சுண்ணாம்புக் காரை, மரத் துலாக்கட்டைகள் தாங்கிய தட்டைத் தளம், தண்ணீர் தளும்பும் ஹவுள். இடம் போதவில்லை என்ற ஜமாஅத்தின் காரணம் நியாயமானது, தொழுவோர் பெருகியிருந்தார்கள். புதியது கான்கிரீட்டில் எழுந்தது. பச்சை குப்பா ஒன்று, உருண்டை மனாரா இரண்டு. பில்லுண்ட் பெட்டியைத் திறந்து கட்டியது போலவே இருக்கிறது. எந்த நாட்டிலும் வைக்கலாம். பழையதன் வரைபடம் ஒன்றும் எவரிடமும் இல்லை. திருமணப் படங்களின் பின்னணியில் அதன் சுவர் ஓர் ஓரமாகத் தெரிகிறது, அவ்வளவே. முதியவர் இருவரிடம் தூண்கள் எத்தனை என்று கேட்டோம். ஒருவர் எட்டு என்றார்; மற்றவர் பன்னிரண்டு என்று சாதித்தார். ஐம்பது ஆண்டுகள் அத்தூண்களில் சாய்ந்து உட்கார்ந்தவர்கள் அவர்கள்.

நண்பரிடம் இவ்வளவையும் சொல்லி, தாஜ்மஹாலைக் கழற்றிவிடுங்கள் என்றோம். அவர் முகம் சுருங்கியது. எத்தனை இரவுகள் தெரியுமா என்றார். பேத்தி மட்டும் பேழைக்கு அருகே வந்து நின்றுகொண்டாள். சற்று நேரம் கழித்து, பெரிய மனாராவில் அடுக்குகள் எத்தனை என்று நண்பர் நம்மைக் கேட்டார். ஆண்டுக்கு ஒருமுறையாவது அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பவர்கள் நாம். விடை தெரியவில்லை. வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு நாகூர் போய் எண்ணிவருவதென்று முடிவாயிற்று. காகிதமும் பென்சிலும் தன் பொறுப்பு என்று பேத்தி சொல்லியிருக்கிறாள்.