கேட்ட சொல்லும் கொண்ட பொருளும்: சமய ஆய்வுக் கணக்கெடுப்புகளை வாசிக்கும் முறை

சமயம், இனம், குலம் ஆகியவற்றை எண்களால் அளந்தறியும் துறை அமெரிக்காவில் பெரிதும் வளர்ந்துள்ளது. அந்நாட்டு அரசின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இனத்தைக் கேட்கும், சமயத்தைக் கேட்பதில்லை. சமயம் பற்றிய கேள்விக்கு விடை கூறுமாறு எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்பது அங்கு 1976ஆம் ஆண்டு முதல் சட்டம். ஆதலின் பியூ ஆய்வு மையம் போன்ற தனியார் அமைப்புகளே அப்பணியை மேற்கொண்டு வருகின்றன. அம்மையம் 2017இல் வெளியிட்ட அறிக்கையின்படி அமெரிக்க முஸ்லிம்களுள் 41 விழுக்காட்டினர் வெள்ளையர்; 28 விழுக்காட்டினர் ஆசியர்; 20 விழுக்காட்டினர் கறுப்பர். வெள்ளையர் இத்தனை பேரா என வாசகர் வியக்கலாம். அரபியரையும் ஈரானியரையும் அந்நாட்டு அரசு வெள்ளையர் என்னும் கட்டத்திலேயே அடக்கி வந்தமையே இதற்குப் பெரிதும் காரணம். மத்தியக் கிழக்கு, வட ஆப்பிரிக்கா என்பதற்குத் தனிக் கட்டம் தர அவ்வரசு முடிவு செய்தது 2024 மார்ச்சில்தான். மனிதர் மாறவில்லை, கட்டம் மாறியது.

இதே மையம் நம் நாட்டைப் பற்றி ஒரு பேரறிக்கையை 2021 ஜூனில் வெளியிட்டது. 2019 நவம்பர் முதல் 2020 மார்ச் வரை பதினேழு மொழிகளில், ஏறத்தாழ முப்பதாயிரம் பேரை நேரில் கண்டு வினவித் தொகுக்கப்பட்டது அது. தம் சமயத்தைப் பின்பற்றத் தமக்கு மிகுந்த சுதந்திரம் உண்டென இந்துக்களில் 91 விழுக்காட்டினரும் முஸ்லிம்களில் 89 விழுக்காட்டினரும் கூறினர் என்னும் செய்தி அன்று ஏடுகளில் பரவலாக வந்தது. சிலர் அதனைக் கொண்டாடினர், சிலர் புறந்தள்ளினர். இருசாராரும் அறிக்கையை ஆராயவில்லை என்பதே நம் கருத்து.

ஒரு செய்தியை ஏற்பதற்கு முன் ஆராயும் கலையை உலகுக்குக் கற்பித்த சமுதாயம் நம்முடையது. ஹதீஸ் கலை அறிஞர்கள் இரு வாயில்களில் நின்று சோதித்தனர். இச்செய்தி எவர் வழியே வந்தது என்பது ஒன்று; அது இஸ்னாது. செய்தியின் வாசகம் யாது, அச்சொற்கள் எதனைக் குறித்தன என்பது மற்றொன்று, அது மத்னு. ஆய்வறிக்கைகளை வாசிக்கவும் இவ்விரு வாயில்களே போதும்.

முதலில் இஸ்னாது. அவ்வாய்வில் விடையளித்த முஸ்லிம்கள் 3,336 பேர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்திய முஸ்லிம்கள் 17.22 கோடி, தமிழக முஸ்லிம்கள் 42.29 லட்சம். அதாவது, நாற்பதில் ஒரு பங்கு. மக்கள்தொகை விகிதப்படி ஆள் எடுத்தால் அந்த 3,336 பேரில் தமிழக முஸ்லிம்கள் எண்பது பேரைச் சற்றே கடப்பர். முழு நாட்டின் போக்கை அறிய இம்முறை பழுதற்றது. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது புள்ளியியலுக்கும் பொருந்தும். ஆனால் அந்த எண்பது பேரைக் கொண்டு தமிழ் முஸ்லிம்களின் கொள்கை இதுவெனத் தீர்ப்பெழுத இயலாது. அறிக்கையும் மாநிலந்தோறும் தீர்ப்பு எழுதவில்லை. தெற்கு என ஒரே பகுதியாக்கி, மலபாரின் மாப்பிள்ளையையும் ஹைதராபாத்தின் தக்கனியையும் நம் இராவுத்தரையும் ஒரே பந்தியில் அமர்த்துகிறது. சமய அடிப்படையில் தாம் பாகுபாட்டுக்கு உள்ளானதாக வடபுல முஸ்லிம்களில் 40 விழுக்காட்டினர் கூறியிருக்க, ஏனைய பகுதிகள் பலவற்றில் அவ்வெண் வெகுவாகக் குறைகிறது. பகுதிக்குப் பகுதி இத்துணை வேறுபாடு உண்டெனில், பகுதிக்குள்ளேயும் வேறுபாடு இருக்கும் என்பதை மறத்தலாகாது.

அடுத்து மத்னு. கர்மா என்னும் வினைப்பயனில் நம்பிக்கை உண்டா என வினவியபோது இந்துக்களில் 77 விழுக்காட்டினர் ஆம் என்றனர். முஸ்லிம்களிலும் அதே 77 விழுக்காட்டினர் ஆம் என்றனர். முஸ்லிம்கள் இந்துக் கோட்பாட்டை ஏற்றுக்கொண்டனர் எனச் சிலர் இதற்கு உரை எழுதினர். அதே அறிக்கையில் மற்றோர் எண்ணும் உண்டு: மறுபிறவியை நம்புவதாகக் கூறிய முஸ்லிம்கள் 27 விழுக்காட்டினர். இவ்விரண்டுக்கும் இடையே ஐம்பது புள்ளிகள். மறுபிறவி இன்றி அக்கோட்பாடு முழுமை பெறாது. எனவே ஆம் என்றவருள் பெரும்பாலோர் ஏற்றது வேறு பொருள்: செய்த வினைக்குக் கூலி உண்டு என்பது. அணுவளவு நன்மையும் தீமையும் காணப்படும் என்று ஸில்ஸால் அத்தியாயத்தின் வாயிலாக அறிந்த எந்த முஸ்லிம் அதனை மறுப்பான்? சொல் ஒன்று, பொருள் இரண்டு.

தமிழில் இந்நிலை இன்னும் நுட்பமானது. நம் முன்னோர் தொழுகை, நோன்பு, மறை, பள்ளி எனத் தமிழ்ச் சொற்களையே எடுத்து இஸ்லாமியப் பொருள் ஏற்றினர். நோன்பு நோற்கிறீரா எனக் கேட்டால் மார்கழியில் பாவை நோன்பு நோற்பவரும் ஆம் என்பார். ரமளான் நோன்பாளியும் ஆம் என்பார். சொல்லை மட்டும் எண்ணுபவர்க்கு இருவரும் ஒருவரே.

எனினும், மொழியைக் காரணம் காட்டி நாம் தப்பிவிட முடியாது. அந்த 27 விழுக்காடு சொல்மயக்கத்தால் மட்டும் விளைந்ததன்று. நான்கில் ஒருவருக்கு மேற்பட்டோர் மறுமைக்கும் மறுபிறவிக்கும் வேறுபாடு அறியாதிருப்பின், அது நம் மதரஸாக்களின் கதவைத் தட்டும் செய்தி. நமக்கு உவப்பான எண்ணை ஏற்று, கசப்பான எண்ணை மறுப்பவர் ஆய்வாளர் ஆகார்.

கட்டங்கள் மனிதரின் அரசியலையே மாற்றும் என்பதற்கு இலங்கை சான்று. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே எனக் கட்டுரை எழுதினார். சட்ட நிரூபண சபையில் முஸ்லிம்களுக்குத் தனி இடம் வேண்டுமா என்னும் கேள்வி அதன் பின்னணியில் இருந்தது. ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் விரிவான மறுப்பு எழுதினார். இன்றும் அந்நாட்டுக் கணக்கெடுப்பில் சோனகர் என்பது தனி இனம். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் தமிழ் பேசும் முஸ்லிம் மொழியால் தமிழர். கடல் கடந்து பேருவளையில் தமிழ் பேசும் முஸ்லிம் இனத்தால் தமிழர் அல்லர். இடையே உள்ளது கடல் மட்டுமன்று. இரு வேறு படிவங்கள்.

இவ்விவாதம் நம் வாசலுக்கே வந்துவிட்டது. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் என ஒன்றிய அரசு 2025 ஏப்ரல் 30இல் அறிவித்தது. 2027 மார்ச் 1 அதற்குரிய நாளாகக் குறிக்கப்பட்டது. அரியலூரில் முஸ்லிம்கள் மிகச் சிறு தொகையினர். அண்டையிலுள்ள பெரம்பலூர் மாவட்டத்திலோ வெள்ளாற்றங்கரையில் ஓர் ஊரின் பெயரே லெப்பைக்குடிகாடு. இம்மக்கள் அக்கட்டத்தில் என்ன கூறுவர்?

லெப்பை என்பது ஓரிடத்தில் பள்ளிவாசலில் ஓதுபவரின் பணிப்பெயர்; ஓரிடத்தில் சமூகப் பெயர்; கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம், கண்டி சித்தி லெப்பை போன்றோரிடத்தில் அறிவின் சிறப்புப் பெயர். தமிழக அரசின் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் பட்டியலோ, இராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பைகள் என எழுதி, பேசும் மொழி தமிழாயினும் உருதாயினும் அடங்கும் என்கிறது. 2007இல் வழங்கப்பட்ட 3.5 விழுக்காடு இடஒதுக்கீடு இப்பட்டியலை நம்பியே நிற்கிறது.

இஸ்லாத்தில் சாதி இல்லை. ஆதலின் எதுவும் கூறலாகாது என்பர் சிலர். கொள்கை மெய், முடிவு பொருந்தாது. பல்லாவரத்தில் தமிழ் முஸ்லிம் வணிகரை ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் மாட்டிசன் மைன்ஸ், நம்மிடையே உள்ள இப்பிரிவுகள் மேல் கீழ் என்ற அடுக்கில் அமைந்தவை அல்ல என 1970களின் தொடக்கத்திலேயே எழுதினார். பெயர் இருப்பது வேறு. பெயரால் தாழ்த்துவது வேறு. குலங்களும் கோத்திரங்களும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்பது ஹுஜுராத் அத்தியாயத்தின் போதனை. பட்டியலில் உள்ள பெயரை உண்மையாகக் கூறுதல் தொழுகை வரிசையைக் கலைக்காது. கூறாது விட்டால் நம் பிள்ளைகளின் கல்விக்குரிய கணக்கு கலையும். அதே வேளை, திருமண உறவில் இப்பெயர்களை வேலியாக்கும் வழக்கம் நம்மிடம் இல்லையென்று சாதிப்பதும் உண்மைக்கு மாறானது. அவ்வேலியை அகற்றும் பொறுப்பு கணக்கெடுப்பாளருக்கு உரியதன்று, நமக்கே உரியது.

ஆதலின் ஜமாஅத்துகள் செய்யத்தக்கது ஒன்றுண்டு. கேள்விகள் வருமுன் அவற்றின் பொருளை மக்களுக்கு விளக்குதல். ஒரே குடும்பத்தார் ஒருவர் லெப்பை எனவும் ஒருவர் இராவுத்தர் எனவும் ஒருவர் முஸ்லிம் என மட்டும் எழுதியும் சிதறாதவாறு, சான்றிதழில் உள்ள பெயரையே சொல்லச் செய்தல். விடை கூறுவதும் ஒருவகைச் சாட்சியமே. சாட்சியத்தை மறைத்தலும் திரித்தலும் நமக்கு ஆகுமானவை அல்ல. வல்ல அல்லாஹ் நம் சொல்லையும் பொருளையும் நேராக்கி அருள்வானாக.