ஓ.வி.ஏ. கோப்பை எதுவரை நம்பலாம்?

விழுப்புரம்–புதுச்சேரி சாலையில், கண்டமங்கலம் பக்கம் ஒரு கல்லூரிக் கணினி ஆய்வகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாற்பது கணினிகள், எல்லாவற்றிலும் விண்டோஸ். பாடத்துக்கோ லினக்ஸும் மைஎஸ்க்யூஎல்லும் வேண்டும். ஆய்வக உதவியாளர் ஒரே ஒரு மெய்நிகர் கணினியை (வி.எம்.) தயார் செய்து ஓ.வி.ஏ. கோப்பாகக் கட்டுகிறார், பென்டிரைவில் எடுத்துப்போய் நாலு வரி ஸ்கிரிப்டால் நாற்பதிலும் இறக்குகிறார். மதியத்துக்குள் வேலை முடிகிறது, இணையம் வேண்டியதே இல்லை. விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழுவின் வகுப்புக்குப் போகிற கிராமத்துப் பிள்ளை வீட்டில் பழகவும் அதே கோப்பைக் கொண்டுபோகலாம். இந்த ஆதாயம் பெரியது. இந்த முறையை எடைபோடும் எவரும் இதை முதலில் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

மெய்நிகர் கணினிகளைக் கட்டி அனுப்புவதற்கான ஓ.வி.எஃப். என்ற தரத்தை டெல், எச்.பி., ஐ.பி.எம்., மைக்ரோசாஃப்ட், வி.எம்.வேர், ஜென்சோர்ஸ் ஆகியவை சேர்ந்து 2007இல் முன்மொழிந்தன. 2009இல் முதல் பதிப்பு வந்தது. வட்டுக் கோப்பு, கணினியின் அமைப்பை விவரிக்கும் எக்ஸ்.எம்.எல். கோப்பு, ஒவ்வொன்றின் ஹாஷ் எண்ணையும் தாங்கிய மேனிஃபெஸ்ட் ஆகிய மூன்றையும் டார் கோப்பாகச் சேர்த்துக் கட்டினால் அது ஓ.வி.ஏ. ஓரிடத்தில் கட்டியது எந்த ஹைப்பர்வைசரிலும் (வி.எம்.களை இயக்கும் மென்பொருள்) ஓடும், வழியில் யாரும் கைவைத்தால் தெரிந்துவிடும் என்பவை அதன் இரண்டு வாக்குறுதிகள்.

இந்த இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும் இடம் ஒன்று உண்டு. விர்ச்சுவல்பாக்ஸ் என்ற ஹைப்பர்வைசரில் கட்டிய கோப்பை வி.எம்.வேர் சர்வரில் ஏற்றினால், ‘விர்ச்சுவல்பாக்ஸ்-2.2’ என்ற வன்பொருள் வகையை அறியேன் என்று சர்வர் மறுத்துவிடும். எக்ஸ்.எம்.எல்.லைத் திறந்து வகையின் பெயரை மாற்றுவதும், சாட்டா கன்ட்ரோலரை ஸ்கஸியாக்குவதும் பலரும் கையாளும் வழி. மாற்றியவுடன் ஹாஷ் பொருந்தாமல் போகும். அதனால் மேனிஃபெஸ்டையே நீக்கிவிடுகிறார்கள். கையால் ஒருமுறை செய்தால் இது ஒரு சமாளிப்பு. ஸ்கிரிப்டுக்குள் எழுதிவைத்தால், நேர்மையைச் சோதிக்கும் ஒரே கருவியை ஒவ்வொரு முறையும் தானாகவே தூக்கி எறிகிற ஏற்பாடாகிறது. தானியக்கத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்துவது இதுதான்: ஒருவர் அவசரத்தில் எடுத்த முடிவு, யார் கண்ணிலும் படாத விதியாகிவிடுகிறது. வி.எம்.வேரின் ஓ.வி.எஃப். டூல் என்ற கட்டளைக் கருவியிலும் இதே கதைதான். சர்வர் முகவரியோடு கடவுச்சொல்லையும் ஒரே வரியில் எழுத அது இடம் தருகிறது. எழுதினால் ஷெல் வரலாற்றில் தங்கிவிடுகிறது.

நகலெடுப்பதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இறக்கும்போது விர்ச்சுவல்பாக்ஸ் ஒவ்வொரு வி.எம்.முக்கும் புதிய மேக் முகவரி தருகிறது. ஆனால் வட்டுக்குள் இருக்கும் மெஷின்-ஐடி என்ற அடையாள எண் நாற்பதிலும் ஒன்றே. உபுண்டு சர்வரின் அண்மைப் பதிப்புகள் அந்த ஐடியை வைத்தே, ஐ.பி. முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. சர்வரிடம் தம்மை அடையாளம் காட்டுகின்றன. ஆகவே பிரிட்ஜ் முறையில் இணைத்தால் பல வி.எம்.கள் ஒரே ஐ.பி. முகவரிக்கு மோதும். எஸ்.எஸ்.எச். சாவிகளும் அப்படியே நகலாகின்றன. கோப்பு கையில் உள்ள எந்த மாணவரும் மற்ற எந்த வி.எம்.மைப் போலவும் வேடமிடலாம். கட்டுவதற்கு முன் மெஷின்-ஐடி கோப்பைக் காலியாக்கி, சாவிகளை அழித்து, முதல் பூட்டில் புதிதாக உருவாகும்படி விட்டால் இரண்டும் தீரும். சில நிமிட வேலைதான், ஆனாலும் அது தவறிவிடுகிறது. அமேசான் மேகத்தில் பொதுவில் கிடைத்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வி.எம். இமேஜ்களை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வு, கட்டியவர்கள் மறந்து விட்டுப்போன சாவிகளையும் கடவுச்சொற்களையும் அவற்றில் கண்டது. காசு வாங்கிக்கொண்டு இயங்கும் பெரிய மேகத்திலேயே இந்த நிலை.

இறக்குமதி வேகமாக நடப்பதைப் பாராட்டுகிறவர்கள், அடுத்த பாதுகாப்புத் திருத்தம் வரும் நாளைக் கணக்கில் எடுப்பதில்லை. இதற்கு நமக்குத் தெரிந்த ஓர் உதாரணம் உண்டு: தமிழக அரசின் மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஏற்கெனவே நிறுவப்பட்ட மடிக்கணினிகள் மாணவர்கள் கைக்கு வந்தன. முதல் நாளே ஓடும் கணினி கிடைத்தது பெரிய காரியம்; முன்கூட்டியே தயாரித்த மென்பொருள் தொகுப்பின் வெற்றி அது. அதன் பிறகு அந்தந்தக் கணினியைப் புதுப்பிக்கும் பாரம் அதை வைத்திருந்த பிள்ளையின் தலையில். ஓ.வி.ஏ.வும் அப்படித்தான்: கட்டிய நாளோடு அது உறைந்துவிடுகிறது. உள்ளே என்ன செய்து அந்த நிலைக்குக் கொண்டுவந்தார்கள் என்பதற்கு அதில் பதிவு இல்லை. கட்டியவர் வேலை மாறிப் போனால், ஆறு ஜி.பி. கோப்பு மட்டும் மிஞ்சும்.

2013இல் வந்த பேக்கர் போன்ற கருவிகள் இதற்கு விடை தருகின்றன. எந்த லினக்ஸ், எந்தப் பொதிகள், எந்த அமைப்புகள் என்பதைச் செய்முறையாக எழுதிவைத்தால், கருவி அதைப் படித்து இமேஜைத் தானே கட்டும். மாற்றம் வேண்டுமா, ஒரு வரியைத் திருத்தி மறுபடி கட்டலாம். சிறிய கல்லூரிக்கு இது அதிகம் என்பார்கள். அதில் நியாயம் உண்டு. கற்றுக்கொள்ளச் சில வாரம் ஆகும். ஆனால் 2023 நவம்பரில் பிராட்காம் வி.எம்.வேரை வாங்கியதும் நிரந்தர உரிம விற்பனை நின்றது. பலர் பிராக்ஸ்மாக்ஸ் என்ற மாற்றுத் தளத்தின் பக்கம் நகர்ந்தார்கள். செய்முறை கையில் உள்ளவர் புதிய தளத்துக்கு ஏற்றபடி மறுபடி கட்டலாம். கோப்பு மட்டும் வைத்திருந்தவர் அதையே புதிய தளத்துக்கு ஏற்பச் சரிசெய்ய உட்கார வேண்டும்.

என் முடிவு இது. கொண்டுசேர்க்கும் பெட்டியாக ஓ.வி.ஏ. சிறந்தது, பென்டிரைவில் பயணம் செய்யும் கண்டமங்கலம் போன்ற ஊர்களுக்கு இன்னும் கூடுதலாகவே சிறந்தது. மூலப் பிரதியாக அதை வைத்திருக்கக் கூடாது. மாணவர் பயிற்சி வி.எம்.முக்குச் செய்முறை இல்லாத ஓ.வி.ஏ.வையும் ஏற்கலாம், கெட்டுப்போனால் அழித்துவிட்டு மறுபடி இறக்கலாம். மதிப்பெண், கட்டணம், சேர்க்கை விவரங்கள் இருக்கும் சர்வரை அப்படி இறக்கக் கூடாது. அங்கே செய்முறையும், பருவந்தோறும் புதிதாகக் கட்டிய இமேஜும், நீக்கப்படாத மேனிஃபெஸ்டும் ஆகிய மூன்றும் இருந்தால் மட்டுமே ஸ்கிரிப்டை ஓடவிடலாம்.