ஒப்புதல் தருபவர் யார்? அமிர்தியிலிருந்து சில கேள்விகள்

1

வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாக வருகிறவர்களுக்கு அமிர்தி என்றால் வன உயிரியல் பூங்கா. மழை பெய்திருந்தால் அருவி. அதற்கு மேலே சவ்வாது மலையில் மனிதர்கள் வாழ்கிறார்கள் என்பது பெரும்பாலும் இரண்டு பேருக்குத்தான் நினைவுக்கு வரும். ஒருவர் வனத்துறைக்காரர். இன்னொருவர் ஆராய்ச்சி மாணவர்.

"காலேஜு புள்ளைங்க வர்றாங்க, கேக்கறாங்க, எழுதிக்கினு போறாங்க. இன்னா எழுதினாங்கன்னு திரும்பி வந்து ஒருத்தரும் சொல்லலியேப்பா?" என்று அமிர்தியில் ஒரு பெரியவர் கேட்டார். இந்தக் கட்டுரை அவருக்கான பதில் அல்ல. அவருக்குப் பதில் சொல்லும் கடமை யாருக்குமே இல்லாதபடி விதிகள் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்பதைப் பற்றியது.

எழுதியது எங்கே போகிறது? பல்கலைக்கழக வலைத்தளத்துக்கும் 'சோத்கங்கா'வுக்கும் போகிறது. ஆய்வேடுகளின் மின்படியை இன்ஃப்ளிப்நெட் களஞ்சியத்தில் சேர்க்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் முனைவர் பட்ட நெறிமுறைகள் (2009, 2016, 2022) சொல்கின்றன. நல்ல விதிதான். பொதுப்பணத்தில் நடந்த ஆய்வு அலமாரியில் செல்லரித்துப் போகாமல் எல்லோருக்கும் கிடைக்கிறது. ஆனால் இந்த 'எல்லோரில்' அமிர்திப் பெரியவர் இருக்கிறாரா என்பதே நம் கேள்வி.

2

வலைத்தளத்தில் எதை வெளியிடலாம், எப்படி வெளியிடலாம் என்பதற்கு விதிகள் இல்லாமல் இல்லை. இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009இல் வந்தன. 2018இலும் 2023இலும் திருத்தப்பட்டன. உள்ளடக்கம் தருபவர், அதைச் சரிபார்ப்பவர், ஒப்புதல் தருபவர் என்று ஒரு படிநிலையை இவை வகுக்கின்றன. பல பல்கலைக்கழகங்களின் விதிகளும் இதே சாயலில்தான் இருக்கின்றன: துறை எழுதும், ஒருங்கிணைப்பாளர் பார்ப்பார், பதிவாளர் ஒப்புவார். சின்னம் எங்கே வர வேண்டும், பக்கம் எப்போது காலாவதியாகும், பதிப்புரிமை யாருடையது என்பதெல்லாம் வரையறுக்கப்பட்டிருக்கும்.

இந்த மூவரோடு நான்காவது ஆள் ஒருவர் இருக்கிறார். அவர்தான் பேசப்படுபவர். விதியின் இலக்கணத்தில் அவருக்கு இடமில்லை. அவர் எழுவாயும் அல்ல, ஒப்புதல் தரும் அதிகாரமும் அல்ல. வெறும் 'உள்ளடக்கம்'.

2018இல் மானியக் குழு கருத்துத் திருட்டுத் தடுப்பு நெறிமுறைகளைக் கொண்டுவந்தது. பிறர் எழுத்தோடு பத்து சதவீதம் வரை ஒத்திருந்தால் தண்டனை இல்லை, அதற்கு மேல் போனால் படிப்படியாக நடவடிக்கை. மென்பொருளைக் கொண்டு அளக்கிறார்கள். ஒரு மூலிகையின் பயனைச் சவ்வாது மலைக் கிழவி வாய்விட்டுச் சொல்லி, அதை அப்படியே எழுதினால் எத்தனை சதவீதம்? பூஜ்யம். புத்தகத்திலிருந்து எடுத்தால் திருட்டு. வாயிலிருந்து எடுத்தால் 'தரவு'. அச்சுக்கு ஆசிரியர் உண்டு, பேச்சுக்குக் கிடையாது. எழுத்து மையவாதம் என்று நாம் பேசிப் பேசித் தேய்த்த சொல்லுக்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் தேவையில்லை.

இந்த ஏற்பாடு புதிதல்ல. எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாகத் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் அடுக்கி வைத்தபோது மலையாளிகளுக்கும் அதில் ஓர் இடம் கிடைத்தது. அளவுகோலோடு அலைந்த அவர் யாரிடமும் ஒப்புதல் கேட்கவில்லை. அவர் நூல் நூலகத்தில் இருந்தது. இன்றைய ஆய்வேடு கைபேசியில் இருக்கிறது. வேறுபாடு அவ்வளவுதானா? இல்லை. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி ஆந்திரக் காவல்துறை இருபது தமிழர்களைச் சுட்டுக் கொன்றது. அவர்களில் பலர் சவ்வாது மலைப் பகுதியைச் சேர்ந்தவர்கள். அப்படிப்பட்ட ஒரு மலையில் எந்த ஊரார் எந்தக் காட்டுக்கு வேலைக்குப் போகிறார்கள் என்று ஊர்ப்பெயர், ஆள்பெயர், புகைப்படத்தோடு எழுதிப் பொதுவில் வைப்பது வெறும் தகவல் அல்ல. அதை ஆய்வாளர் மட்டும் படிப்பதில்லை.

3

மறுபக்கத்தைப் பார்ப்போம். பல்கலைக்கழகம் கட்டாயம் வெளியிட வேண்டியவை என்னென்ன? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4(1)(ஆ), யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டிய பதினேழு வகைகளைப் பட்டியலிடுகிறது. அதிகாரிகளின் கடமைகள், முடிவெடுக்கும் முறை, ஊதியம், வரவுசெலவு எல்லாம் அதில் உண்டு. 120 நாட்கள் அவகாசம் தந்தார்கள். வட்டார மொழியைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று பிரிவு 4(4) சொல்கிறது. எஸ்.சி., எஸ்.டி. மாணவர்கள் சாதிப் பாகுபாடு குறித்துப் புகார் செய்ய வலைத்தளத்தில் ஒரு பக்கம் அமைக்கும்படி மானியக் குழு கடிதம் எழுதியிருக்கிறது.

உங்களுக்குப் பக்கத்திலிருக்கும் பல்கலைக்கழகத்தின் தளத்தைத் திறந்து பாருங்கள். துணைவேந்தர் குத்துவிளக்கு ஏற்றும் படம் உடனே வரும். அந்தப் புகார்ப் பக்கம் எத்தனை சொடுக்கில் வருகிறது? தமிழில் வருகிறதா? பேரவைக் கூட்ட நடவடிக்கை எந்த ஆண்டோடு நிற்கிறது? நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

இப்போது சட்டமும் இந்தச் சாய்மானத்துக்கு உடன்படுகிறது. 2023இன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 44(3), தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஞ)வைச் சுருக்கி, 'தனிநபர் தகவல்' என்றாலே மறுக்கலாம் என்றாக்குகிறது. பொதுநலன் கருதித் தரலாம் என்ற 8(2) மிச்சமிருக்கிறது, உண்மைதான். ஆனால் வாதாட வேண்டிய சுமை கேட்பவன் தலையில். அதே சட்டத்தின் 17(2)(ஆ) ஆராய்ச்சிக்கும் ஆவணப்படுத்தலுக்கும் நிபந்தனைகளோடு விலக்கு தருகிறது. அதிகாரியின் விவரத்துக்குத் திரை, ஆராயப்படுபவரின் விவரத்துக்கு விலக்கு. மேலே இருப்பவரின் மறைவு 'அந்தரங்கம்'. கீழே இருப்பவரின் வெளிச்சம் 'அறிவு வளர்ச்சி'.

4

இந்த இடத்தில் தோழர்கள் குறுக்கிடக்கூடும்: "ஒப்புதல் ஒப்புதல் என்று பேசினால் நாளைக்கு அது தணிக்கையாக மாறாதா?" நியாயமான பயம். அருந்ததி ராயின் புத்தகம் ஒன்றை மாணவர் அமைப்பொன்றின் புகாரால் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 2020இல் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியதை நாம் மறக்கவில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. மலையில் ஒப்புதல் தருவது யார்? ஊர்க் கவுண்டரா? அப்படியானால் அந்த ஊர்ப் பெண்கள் அவரைப் பற்றிச் சொன்னது என்னாகும்?

எனவே அதிகாரத்தின் திசையைப் பார்க்க வேண்டும். அதிகாரத்தில் இருப்பவரை விமர்சிக்க அவருடைய ஒப்புதல் தேவையில்லை. அது மேலூரானாலும் உள்ளூரானாலும் சரி. அதிகாரமற்றவரின் உடல், மருந்து, பிழைப்பு, சடங்கு ஆகியவற்றைக் காட்சிக்கு வைக்க அவருடைய ஒப்புதல் தேவை. இரண்டையும் ஒரே படிவத்தில் அடைக்கிற விதி நடுநிலை வேடம் போடுகிறது.

அமெரிக்காவில் ஹவசுபாய் இனத்தவரிடம் நீரிழிவு ஆய்வுக்கென்று 1990 முதல் ரத்தம் எடுத்தது அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம். அந்த ரத்தம் வேறு ஆய்வுகளுக்கும் போயிருந்தது. 2003இல் அதே பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில் அந்த இனத்துப் பெண் ஒருவர் அவையில் உட்கார்ந்திருந்தார். 'இதற்கு அனுமதி வாங்கினீர்களா?' என்பதுதான் அவருடைய கேள்வி. வழக்கு நடந்தது. 2010இல் பல்கலைக்கழகம் ஏழு லட்சம் டாலர் தந்து, மிச்சமிருந்த ரத்தத்தையும் திருப்பிக் கொடுத்தது.

ஒரு பெண் அவையில் இருந்தார். அதனால் கேள்வி எழுந்தது. நம் வாய்மொழித் தேர்வுகளுக்கும் 'பொது' என்றுதான் பெயர். அமிர்திக்கு அழைப்பிதழ் போகிறதா?

கேட்பது அதிகமில்லை. மலையைப் பற்றி எழுதிய ஆய்வேட்டின் சாரம் இரண்டு பக்கமாவது தமிழில், ஒருங்குறியில், அந்த ஊருக்கு வாசித்துக் காட்டப்பட்டபின் தளத்தில் ஏறட்டும். காப்புரிமை கேட்கப்போகும் ஆய்வாளருக்காக ஆய்வேட்டை நிறுத்தி வைக்கும் வழக்கம் உலகெங்கும் இருக்கிறது. மூலிகை சொன்ன கிழவிக்காகவும் நிறுத்தி வைக்கலாம். ஆள்பெயரை நீக்கச் சொல்ல ஒரு முகவரியும், நீக்குவதற்கு ஒரு காலக்கெடுவும் இருக்கட்டும். அப்புறம் அந்த மூவர் பட்டியலில் நான்காவதாக ஓர் இருக்கை.

இந்தக் கட்டுரைக்கும் அந்தப் பெரியவரிடம் நான் ஒப்புதல் வாங்கவில்லை. பெயரையும் ஊர்த் தெருவையும் விட்டுவிட்டேன். அது போதாது என்று தெரியும். இதழ் வந்ததும் கொண்டுபோய் வாசித்துக் காட்டுவதாகத்தான் இருக்கிறேன். அவர் 'இப்டி நான் சொல்லலியே' என்று சொன்னால், அதையும் எழுதுவேன்.