எழுத வராத காலம்

எட்டு மாசமா ஒரு கட்டுரையும் முடியவில்லை. நாலு பத்தி தாண்டினால் பழைய என்னையே நகலெடுக்கிறேன் என்று தெரிந்துவிடுகிறது. அப்போதுதான் சுந்தர ராமசாமியை வரிசையாக வாசித்தேன்.

1966இல் ‘ஒரு புளியமரத்தின் கதை’ நூலானபின் சில ஆண்டுகள் அவர் அநேகமாக எழுதவே இல்லை. திரும்பி வந்து எழுதிய ‘பல்லக்குத் தூக்கிகள்’ கதையில் ‘பிரசாத’த்தின் கலகலப்பு இல்லை, மொழி இறுகியிருந்தது. அடுத்த நாவலான ‘ஜே.ஜே: சில குறிப்புக’ளுக்கு 1981 வரை ஆனது. வடிவமே வேறு.

இதை வறட்சி என்று சொல்ல மனசு வரவில்லை. கைவந்த நடையை நம்ப மறுத்ததாகவே வாசிக்கிறேன். தினமும் ஐந்நூறு வார்த்தை எழுது என்கிற அறிவுரை அதே நடையைத்தான் திருப்பித் தரும்.

ஓடுகிற நிரலை அழிக்க எந்தப் பொறியாளனுக்கும் கை வராது. நேற்று அந்த நாலு பத்தியை அழித்தேன். இன்று ஒரு வரி வந்திருக்கிறது. நல்லா இருக்கா தெரியல. பழையது மாதிரி இல்லை.