உரையினின்று அளவு காணல்: யாழ்நூலின் ஆய்வுமுறை பற்றி ஒரு மதிப்பீடு

1

மூலம் வேறு, உரை வேறு என்ற பாகுபாடு தமிழ்க் கல்வி மரபிலே நெடுங்காலமாக நிலைத்து வந்துள்ளது. மூலம் விதிக்கும், உரை விளக்கும். மூலத்தில் ஓரெழுத்துத் திரியினும் பொருள் திரியும். உரையில் ஒரு வாக்கியம் மாறினும் மூலம் மூலமாகவே நிற்கும். கணினிக்கென எழுதப்படும் நிரல்களும் இப்பாகுபாட்டை ஏற்றே வளர்ந்தன. நிரலின் வரிகளிற் சில இயந்திரத்துக்கு உரியன. அவற்றிடையே எழுதப்படும் குறிப்புரைகள் மனிதருக்கு உரியன. குறிப்புரையை இயந்திரம் படியாது கடந்துசெல்லும்.

இப்பாகுபாடு கணினியியலிலேயே இன்று முழுமையாக நிலைக்கவில்லை. 1984இல் டொனால்ட் நூத் என்னும் அறிஞர், நிரலை மனிதர் வாசிக்கும் கட்டுரையாகவே எழுதவேண்டும் என வாதித்தார். அதற்கென அவர் அமைத்த 'வெப்' என்னும் முறையில் விளக்கமும் நிரலும் ஒரே ஏட்டில் விரவிக் கிடக்கும். அவ்வேட்டிலிருந்து ஒரு கருவி இயந்திரத்துக்கான நிரலைப் பிரித்தெடுக்கும். மற்றொரு கருவி அச்சிடத்தக்க நூலை ஆக்கித்தரும். பின்னர் வந்த பைத்தன் மொழியிலே, ஒரு செயற்கூறின் தலைப்பில் எழுதப்படும் விளக்கவுரை, நிரல் இயங்கும்போதும் அழியாது உடனிருக்கும். இவ்வசதியைப் பயன்படுத்தி 2012ஆம் ஆண்டளவில் வெளிவந்த 'டொக்கொப்ற்' என்னும் கருவி இன்னுமொரு படி முன்சென்றது. பயன்படுத்துவோருக்கு உதவியாக எழுதப்பட்ட விளக்கத்தையே அது படித்து, நிரல் ஏற்கவேண்டிய தெரிவுகள் யாவை, பயனர் ஒன்றும் கூறாவிடின் கொள்ளவேண்டிய இயல்பளவு யாது என்பவற்றை அவ்விளக்கத்திலிருந்தே பெற்றுக்கொள்ளும்.

இதன் விளைவு ஆழ்ந்து நோக்கத்தக்கது. மட்டக்களப்பு வாவியின் நீர்மட்டத்தைப் பதியும் ஒரு நிரலைக் கற்பனை செய்வோம். இரு பதிவுகளுக்கிடையிலான இடைவெளியின் இயல்பளவு 10 என அதன் விளக்கவுரை கூறுகிறது. மொழிநடையைத் திருத்தப்புகுந்த ஒருவர் அவ்விடத்தில் 15 என எழுதிவிடின், நிரலின் ஏனைய வரிகளில் யாரும் கைவையாதிருந்தும் கருவியின் செயல் மாறிவிடும். தெரிவின் பெயருக்கும் அதன் விளக்கத்துக்குமிடையே இரண்டு வெற்றிடங்கள் விடப்படல் வேண்டும் என்பது டொக்கொப்றின் விதி. ஒன்றே விடப்படின், விளக்கத்தின் முதற்சொல்லையே அக்கருவி ஓர் அளவின் பெயராகக் கொண்டுவிடும். உரை இங்கு மூலமாகிவிட்டது. உரையெழுதுவோன் தன்னையறியாமலே விதி செய்வோன் ஆகிவிட்டான்.

உரையினுள் உறையும் அளவுகளை எவ்வாறு பிரித்தெடுப்பது, எடுத்தபின் எவ்வாறு நம்புவது என்னும் இவ்வினா தமிழாய்வுக்குப் புதியதன்று. இதே வினாவுக்கு விடை தேடியவர் விபுலாநந்த அடிகள். அவருடைய யாழ்நூலை இக்கோணத்தில் வாசிப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

அடிகள் மட்டக்களப்புத் தமிழகத்தின் காரைதீவிலே 1892இற் பிறந்தவர். அவ்வாண்டே உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அரும்பதவுரையுடனும் அடியார்க்குநல்லார் உரையுடனும் பதிப்பித்தார். இது தற்செயலான ஒற்றுமையே. எனினும் அப்பதிப்பு வெளிவந்திராவிடின் யாழ்நூல் தோன்றியிராது எனத் துணிந்து கூறலாம். அடிகள் 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும், 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத் தேர்விலும் சித்தியெய்தியவர். 1936இல் சென்னையிலே கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானவர். உரையைப் படிக்கும் பயிற்சியும் அளவையைக் கணிக்கும் பயிற்சியும் ஒருவரிடத்தே கூடியிருந்தமை யாழ்நூலின் பிறப்புக்கு இன்றியமையாத சூழ்நிலையாகும். நூல் 1947 யூன் மாதத்தில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில், திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார்.

அவர் எடுத்துக்கொண்ட பணி யாது? யாழ் என்னும் கருவி வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் கழிந்திருந்தன. அதனை இசைத்த பாணர் சமூகத்தின் கைப்பழக்கமும் செவிப்பழக்கமும் உடனழிந்தன. எஞ்சியவை சொற்களே. அச்சொற்களும் இசைத்தவர் எழுதியவை அல்ல, கற்றோர் எழுதியவை. அடியார்க்குநல்லார் பொப்பண்ண காங்கேயர்கோனின் ஆதரவில் உரை செய்தவர். இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணனார் நாடகத் தமிழ்நூல் என்பனவற்றைத் தமது உரைக்கு ஆதாரமாகச் சுட்டியவர். அஃதாவது அவரும் முன்னைய நூல்களிலிருந்து அளவுகளைத் திரட்டியவரேயன்றி நரம்பிலிருந்து அளந்தவர் எனக் கொள்ளச் சான்றில்லை. உழைத்தவனின் அறிவு கற்றவனின் உரைக்குள் புகுந்து, அவ்வுரையின் மொழியிலேயே நமக்குக் கிடைக்கிறது. இச்சமூக உண்மையை மறந்துவிட்டு யாழின் பெருமையை மட்டும் பேசுவது வரலாறு ஆகாது.

3

அரங்கேற்றுகாதை உரையில் நரம்புகளுக்கு வழங்கப்படும் அலகுகளை எடுத்துக்கொள்வோம். குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2. மொத்தம் 22. இக்கூட்டுத்தொகையே முதற் சோதனையாகும். ஏடெழுதியோன் ஓரெண்ணைப் பிறழ எழுதியிருப்பின் தொகை பிழைக்கும். பிறழ்ச்சி உடனே வெளிப்படும். வடமொழிப் பரத நூலின் சட்சக் கிராமத்திலும் தொகை 22 என்பதும் இவ்விடத்து ஒப்புநோக்கத்தக்கது.

ஆயின் தொகை சரியாவதனாலேயே பொருள் தெளிந்துவிடாது. குரலுக்கு 4 அலகு என்னும்போது அந்நான்கும் குரலுக்கு முன்னுள்ள இடைவெளியா, பின்னுள்ள இடைவெளியா? எண் உள்ளது, எண் நிற்குமிடம் கூறப்படவில்லை. பிரச்சினையின் இயல்பை உணர இக்கணக்கை நாமே செய்து பார்க்கலாம்.

அலகு நரம்புக்கு முன்னுள்ள இடைவெளி எனக் கொள்வோம். குரலைத் தொடக்கமாக வைத்தால் துத்தம் 4ஆம் அலகிலும், கைக்கிளை 7இலும், உழை 9இலும், இளி 13இலும், விளரி 16இலும், தாரம் 18இலும் நிற்கும். இவ்வமைப்பு இன்றைய அரிகாம்போதியை ஒத்தது. மாறாக, அலகு நரம்புக்குப் பின்னுள்ள இடைவெளி எனக் கொண்டால், துத்தம் 4, கைக்கிளை 8, உழை 11, இளி 13, விளரி 17, தாரம் 20 என அமையும். இது மேசகல்யாணியை ஒத்தது. ஒரே உரை, ஒரே ஏழு எண்கள், ஒரே தொகை. பிறப்பதோ இரு வேறு இசைகள்.

எதனை ஏற்பது? உரையின் பிறிதோரிடத்தைச் சாட்சிக்கு அழைத்தல் வேண்டும். நின்ற நரம்புக்கு ஐந்தாவது கிளை எனவும் நான்காவது நட்பு எனவும் உரைகாரர் வகுப்பர். ஐந்தாம் நரம்பாகிய இளி இரு கணக்கிலும் 13ஆம் அலகிலேயே நிற்கிறது. எனவே கிளை இவ்வழக்கைத் தீர்க்காது. நட்பு தீர்க்கும். இயற்கையான ஐந்தாம் சுரத்தின் விகிதம் மூன்றுக்கு இரண்டு. நான்காம் சுரத்தின் விகிதம் நான்குக்கு மூன்று. இரண்டும் சேர்ந்து ஒரு ஸ்தாயியை நிறைக்கும். 22இல் 13 போக எஞ்சுவது 9. முதற் கணக்கில் உழை 9இல் நிற்கிறது, நட்புப் பொருந்துகிறது. இரண்டாம் கணக்கில் உழை 11இல் நின்று குரலுடன் முரண்படுகிறது. ஏழிசை அமைப்பில் ஏதேனுமோரிடத்தில் நான்காம் உறவு வழுவுதல் தவிர்க்கவியலாதது. ஆயின் அவ்வழு அடிநிலையாகிய குரலிலேயே நேர்வது ஏற்புடையதன்று. பின்வந்த ஆய்வாளர் பலர் செம்பாலையை அரிகாம்போதியுடன் பொருத்துவதும் முதற் கணக்குக்கு இயைவதே.

இவ்வாறு உரையின் ஓரிடத்தை மற்றோரிடத்தாலும், இரண்டையும் இயற்கையின் விகிதத்தாலும் சோதிக்கும் முயற்சியே யாழ்நூலின் உயிர்நாடி என்பது எமது கருத்து. பௌதிகம் கற்ற ஒருவர் உரையை வணங்கத்தக்க வாக்காகக் கொள்ளாது, கணக்கிட்டுப் பார்க்கத்தக்க சான்றாகக் கொண்டமையே அங்கு புதிது.

4

எண் கிடைத்துவிட்டது, அது அளவாகிவிட்டதா என்பது அடுத்த வினா. 22 அலகுகளும் தம்முள் ஒத்தவை எனக் கொண்டால், 13 அலகு கொண்ட இளி, ஸ்தாயியை 1200 பாகமாக்கும் இக்கால அளவையில் ஏறத்தாழ 709இல் நிற்கும். இயற்கையான ஐந்தாம் சுரமோ ஏறத்தாழ 702இல் நிற்பது. வேறுபாடு சிறிதே, எனினும் உண்டு. ஆகவே அலகு என்பது ஒத்த நீளமுடைய அளவுகோலின் கூறா, அன்றி இடைவெளிகளைப் பெரிது, நடுத்தரம், சிறிது எனத் தரம்பிரிக்கும் எண்ணா என்பது ஆராயப்படவேண்டும். 4, 3, 2 என்பவை தரம்பிரிப்பன என்றே கொள்ளத் தோன்றுகிறது.

கணினியிலும் இதே இடர் உண்டு. டொக்கொப்ற் விளக்கவுரையினின்று 10 என்பதைப் பெறும்போது அதனைக் கூட்டவும் கழிக்கவும் தக்க எண்ணாகப் பெறுவதில்லை. ஓர் எழுத்துச் சரமாகவே பெறுகிறது. அதனை எண்ணாக்குவதும், பத்து நிமிடமா பத்துச் செக்கனா எனத் துணிவதும் பின்வரும் மனிதனின் பொறுப்பு. சொல்லிலிருந்து எண்ணும், எண்ணிலிருந்து அளவும் தாமே பிறப்பதில்லை.

இக்குறையைப் போக்கும் வழியொன்றையும் நிரலாக்கத்தார் கண்டுள்ளனர். பைத்தனின் 'டொக்ரெஸ்ற்' என்னும் கூறு விளக்கவுரையிலுள்ள எடுத்துக்காட்டுகளை ஒவ்வொன்றாக இயக்கி, உரை கூறும் விடையும் நிரல் தரும் விடையும் ஒன்றாகின்றனவா எனப் பார்க்கும். முரண்பட்டால் அறிவிக்கும், எப்பக்கம் தவறு என்பதை அது கூறாது. உரையும் மூலமும் ஒன்றையொன்று திருத்தும் நிலை இதனால் உண்டாகிறது. உரையை நம்புவது ஒரு நிலை. உரையைச் சோதிப்பது மற்றொரு நிலை. பின்னையதே ஆய்வு.

இந்த அளவுகோலால் யாழ்நூலையும் மதிப்பிடல் வேண்டும். பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என்னும் ஏழு இயல்களாக, இலக்கண நூலின் சாயலிலே அது வகுக்கப்பட்டுள்ளது; நடையும் செறிவு மிக்கது. இவ்வடிவம் அடிகளின் துணிபுகளுக்கு விதிகளின் தோற்றத்தை அளித்துவிடுகிறது. உரையிற் கண்டது யாது, கணித்துப் பெற்றது யாது, ஊகித்தது யாது என்பவற்றைப் பிரித்தறிய வாசகர் பெரிதும் முயலவேண்டியுள்ளது. உரையினின்று அளவைப் பிரித்தெடுத்த நூலே, மீண்டும் அளவைப் பிரித்தெடுக்கவேண்டிய உரையாகிவிட்டது எனலாம்.

ஆயினும் பெருங்குறை நூலினது அன்று, நம்முடையது. யாழ்நூலைப் போற்றியோர் பலர். அதன் கணக்குகளை மீளச் செய்து பார்த்தோர் சிலரே. அடிகள் மறைந்து ஏறத்தாழக் கால் நூற்றாண்டின் பின்னர், அடியார்க்குநல்லார் சுட்டிய ஐந்து நூல்களுள் ஒன்றான பஞ்சமரபு கிடைத்து 1970களில் அச்சேறியது. அடிகளின் முடிபுகளை அதனோடு இயலுக்கு இயல் ஒப்பிட்டுச் சோதிப்பது அவருக்குச் செய்யும் அவமதிப்பன்று. அவர் தொடங்கிய முறையைத் தொடர்வதேயாகும். சிலைக்கு மாலை சூட்டுவது எளிது. கூட்டுத்தொகையைச் சரிபார்ப்பது கடினம்.

5

இவ்வினா பழம்பொருளாய்வோடு முடிந்துவிடுவதன்று. மட்டக்களப்பு வாவியின் இருமருங்கிலும் வடமோடி, தென்மோடிக் கூத்துக்கள் இன்றும் ஆடப்படுகின்றன. கூத்துக் கொப்பியில் விருத்தமும் தருவும் வசனமும் எழுதப்பட்டிருக்கும். தாளக்கட்டும் ஆங்காங்கு குறிக்கப்பட்டிருக்கும். ஆயின் ஒரு வரவு ஆட்டம் எவ்வளவு நேரம் நீளும், எவ்விடத்தில் மத்தளம் விரையும், வட்டக்களரியில் எத்தனை சுற்றின்பின் தீர்மானம் வரும் என்பன அண்ணாவியாரின் கையிலும், சல்லாரி போடுவோரின் செவியிலும், ஆடுவோரின் காலிலும் உள்ளன. கொப்பி இவற்றுக்கு ஒரு நினைவுக்குறிப்பே. அண்ணாவியார் உள்ளவரை அதுவே போதும். அவர் இல்லாத காலத்தில் அக்கொப்பியைக் கையிலெடுக்கும் ஆய்வாளர், அடியார்க்குநல்லாரின் உரைமுன் அடிகள் நின்ற நிலையிலேயே நிற்பார்.

1978ஆம் ஆண்டுச் சூறாவளியையும், நெடிய போரையும், 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையையும் கண்ட நிலம் இது. அறிவுடையோர் ஒருங்கே மறைந்துபோகக் கூடும் என்பதை இம்மக்களுக்கு எடுத்துக் கூறவேண்டியதில்லை. எனவே இன்று கூத்தை ஆவணப்படுத்துவோரின் கடமை பாடலைப் படியெடுப்பதுடனோ ஒளிப்பதிவு செய்வதுடனோ அமைந்துவிடாது. எண் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எதனை அலகாகக் கொண்டது, எவரிடமிருந்து பெறப்பட்டது, எவ்வாறு சோதிக்கலாம் என்னும் நான்கையும் உடனெழுதுதல் வேண்டும். அண்ணாவியாரையும் மத்தளக்காரரையும் தகவல் தருவோராக மட்டும் கொள்ளாது, உரையெழுதுவோராகவே அமர்த்துதல் வேண்டும். பாணர் தம் அறிவைத் தாமே எழுதும் நிலையில் இருந்திருப்பின், அலகு நரம்புக்கு முன்னா பின்னா என நாம் இன்று வாதிட்டுக்கொண்டிருக்க மாட்டோம்.

வாவியிலே பாடுமீனின் ஒலியைக் கேட்க விரும்பும் தோணிக்காரர் துடுப்பின் ஒரு நுனியை நீரில் அமிழ்த்தி, மறுநுனியில் காதை வைப்பர். யாழ்நூலில் அந்நீரொலிக்கு இடமளித்த அடிகள், உரையெனும் துடுப்பில் காதை வைத்துப் பழைய நரம்பொலியைக் கேட்க முயன்றவர். துடுப்பையே இசையெனக் கொள்ளாதிருப்பது அவரிடம் நாம் கற்கவேண்டிய முதற் பாடமாகும்.